கார் கண்ணாடி வழியே வேர்ட்ஸ்வொர்த்

நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் சாப்பாட்டு மேசை மேல் ஒரு கோப்பு இருந்தது. வெந்நீர் போடுவது எப்படி, குப்பையை எந்தக் கிழமை எங்கே வைப்பது, ஆடுகள் உள்ளே வராமல் வாசல் படலை எப்படிச் சாத்துவது என்பதெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் நான்கு தாள்கள். இந்த வீட்டிலிருந்து காரில் காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடக்கூடிய நான்கு சுற்றுகள். எங்கே நிறுத்தினால் ஏரி முழுசாகத் தெரியும், எந்த வளைவில் ஓரங்கட்ட இடம் உண்டு, தேநீருக்கு எந்த ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு.

இடம், இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டம். லிட்டில் லாங்டேல் என்ற சின்னப் பள்ளத்தாக்கு. மாதம் ஏப்ரல். வீடு ஒரு காலத்தில் தொழுவமாக இருந்தது. கீழே மாடு, மேலே வைக்கோல். இப்போது கீழே சமையலறை, மேலே இரண்டு படுக்கையறைகள்.

சில வருடங்களுக்கு முன்னால் என்றால் அந்த நான்கு தாள்களைப் பார்த்துச் சிரித்திருப்பேன். பதினோரு வருடமாக மான்செஸ்டரில் இருக்கிறேன். ஏரி மாவட்டத்துக்கு நான் போனதெல்லாம் முதுகில் பையோடும், கையில் வெய்ன்ரைட்டின் வழிகாட்டிப் புத்தகத்தோடும்தான். நனைந்து, வழுக்கி விழுந்து, உச்சியில் காய்ந்த ரொட்டியைத் தின்று இறங்கி வரும்போது, சாலையோரத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்காமலேயே கண்ணாடி வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை எதிர்கொள்வேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு இளக்காரம் இருந்தது. மறைத்துப் பயனில்லை.

இந்த முறை அம்மா வந்திருந்தாள். எழுபது வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, அங்கேயே வாழ்ந்தவள். காரிலிருந்து இறங்கி இருபது அடி நடந்தால் ஒருமுறை நிற்க வேண்டும். ஆக நானும் என் மனைவியும் அம்மாவும் அந்த நான்கு தாள்களைப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் சுற்றினோம். கூடவே நான் சில புத்தகங்களையும் எடுத்துப் போயிருந்தேன். இந்தக் கட்டுரை அந்தப் புத்தகங்களைப் பற்றியது. நடந்து படிக்க வேண்டியவை என்று நான் நம்பிக்கொண்டிருந்த புத்தகங்களை உட்கார்ந்தபடி படித்தபோது எவை நின்றன, எவை சரிந்தன என்பதைப் பற்றியது.

*

முதல் தாள், விண்டர்மியர். இழுவைக் கம்பியில் ஓடும் படகில் காரோடு ஏரியைக் கடந்தால், மேற்குக் கரையில் மரங்களுக்கு நடுவே இடிந்த கோபுரம் மாதிரி ஒரு கட்டடம். கிளைஃப் நிலையம் என்று பெயர். 1790களில் கட்டியது. தங்குவதற்கல்ல, காவலுக்கும் அல்ல. ஏரியைப் பார்ப்பதற்காக மட்டுமே கட்டிய கட்டடம். அதன் சன்னல்களில் வண்ணக் கண்ணாடிகள் பதித்திருந்தார்கள். மஞ்சள் வழியே பார்த்தால் இலையுதிர் காலம், பச்சை வழியே வசந்தம், கருநீலம் வழியே நிலவொளி. பட்டப்பகலில் வந்தவர்கள் ஒரே நிற்பில் எல்லாப் பருவத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

அந்த இடத்தில் அதைக் கட்டியதற்குக் காரணம் ஒரு புத்தகம். தாமஸ் வெஸ்ட் என்ற பாதிரியார் 1778இல் ஏரிகளுக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார். அவர் பயணிகளிடம் ‘போய்ப் பாருங்கள்’ என்று மட்டும் சொல்லவில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று ஏரிக்கு ஏரி ‘நிலையங்கள்’ குறித்துக் கொடுத்தார். இங்கே நின்றால் முன்னால் இந்த மரம், நடுவில் இந்தத் தீவு, பின்னால் இந்த மலை, அதாவது சட்டம் போட்ட ஓவியம் மாதிரி. கையோடு ஒரு சின்னக் கண்ணாடியும் கொண்டுவரச் சொன்னார். லேசாகக் குவிந்த, கருமை பூசிய கண்ணாடி. காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணாடிக்குள் தெரியும் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். அதில் எல்லாம் சுருங்கி, நிறம் அடங்கி, பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் க்ளாட் தீட்டியது போல் தெரியும். அதனால் அதற்கு ‘க்ளாட் கண்ணாடி’ என்று பெயர். கவிஞர் தாமஸ் கிரே 1769இல் கெஸிக் பக்கம் இந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி நடந்துபோய்ச் சேற்றுப் பாதையில் மல்லாக்க விழுந்தார். விரல் முட்டி பெயர்ந்தது. கண்ணாடி உடையவில்லை!

அந்தக் கோபுரத்துக்கு ஏற வேண்டும் என்பதால் அம்மா காரிலேயே இருந்துவிட்டாள். நானும் மனைவியும் மட்டும் போய்வந்தோம். திரும்பி வந்தபோது அம்மா பக்கவாட்டுக் கண்ணாடியில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுல பாத்தா ஏரி அழகா அடக்கமா தெரியுதுய்யா” என்றாள். கார்களின் பக்கவாட்டுக் கண்ணாடியும் குவிந்ததுதான். வெஸ்ட் பாதிரியார் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கோப்பில் இருந்த நான்கு தாள்களும் வெஸ்டின் நேர் வாரிசுகள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ‘எந்த வளைவில் நிறுத்தலாம்’ என்பது ‘நிலையம்’ அன்றி வேறென்ன? இந்த மலைகளில் காருக்கு முன்னாலேயே கார்ப் பயணம் பிறந்துவிட்டது. இயந்திரம்தான் தாமதமாக வந்து சேர்ந்தது.

வெஸ்டின் முறையில் பெரிய குறை ஒன்று உண்டு. சட்டத்துக்குள் வராதது கண்ணிலேயே படாது. விண்டர்மியரின் கிழக்குக் கரையில் ஸ்டார்ஸ் ஹால் என்றொரு மாளிகை இருக்கிறது. ஏரியின் அழகுக்கு அழகு சேர்ப்பதாகச் சொல்லப்படும் கட்டடங்களில் ஒன்று. 1806இல் அதை வாங்கியவர் ஜான் போல்டன். லிவர்பூலின் அடிமை வணிகர். 1825இல் அந்த ஏரியில் நடந்த படகு விழாவில் வால்டர் ஸ்காட்டும் வேர்ட்ஸ்வொர்த்தும் அவருடைய விருந்தினர்கள். வேர்ட்ஸ்வொர்த் தன் வழிகாட்டி நூலில் ஏரிக்கரை மாளிகைகளைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார். வெள்ளையடித்த வீடுகள் பச்சை மலையில் கண்ணை உறுத்துகின்றன என்பது அவருடைய முக்கியமான புகார். பணம் எங்கிருந்து வந்தது என்பது அந்தப் புகாரில் இல்லை.

*

வேர்ட்ஸ்வொர்த் ஒரு வழிகாட்டி நூல் எழுதியிருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் காலத்தில் நிலைமை தலைகீழ். ஒரு பாதிரியார் அவரைச் சந்தித்து, ‘ஏரிகளுக்கான வழிகாட்டி தவிர வேறு ஏதாவது எழுதியிருக்கிறீர்களா?’ என்று கேட்டாராம். கொஞ்சம் செய்யுளும் எழுதியிருக்கிறேன் என்று பணிவாகச் சொன்னாராம் வேர்ட்ஸ்வொர்த். மேத்யூ ஆர்னால்டு பதிவு செய்த கதை இது.

அந்த நூல் 1810இல் வேறொருவருடைய ஓவியத் தொகுப்புக்கு முன்னுரையாக, பெயர் போடாமல் வெளிவந்தது. அப்புறம் தனி நூலாகி, வளர்ந்து வளர்ந்து 1835இல் ஐந்தாம் பதிப்பு கண்டது. அதன் தொடக்கத்தை நான் எப்போதும் வியந்திருக்கிறேன். எந்த ஊரிலிருந்து கிளம்பலாம், எங்கே சாப்பிடலாம் என்று அவர் ஆரம்பிப்பதில்லை. கிரேட் கேபிள், ஸ்காஃபெல் என்ற இரண்டு மலைகளுக்கு நடுவில் தொங்கும் மேகத்தின் மேல் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறார். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்குகள் எல்லாம் ஒரு சக்கரத்தின் ஆரங்கள் போல நாலாபுறமும் விரிந்து போகும். லாங்டேல், டடன், எஸ்க்டேல், வாஸ்டேல், பட்டர்மியர், பாரோடேல். ஒரே பத்தியில் மொத்த நிலத்தையும் கையில் கொடுத்துவிடுகிறார். வெஸ்ட் காட்சிகளைக் கொடுத்தார். வேர்ட்ஸ்வொர்த் அமைப்பைக் கொடுத்தார். வழிகாட்டி இலக்கியத்தில் இது பெரிய பாய்ச்சல்.

ஆனால் அந்தச் சக்கரத்தை வைத்துக்கொண்டு கார் ஓட்டிப் பாருங்கள். குடத்துக்குச் சாலை கிடையாது. ஒவ்வொரு ஆரத்திலும் உள்ளே போய், முட்டி, வந்த வழியே விளிம்புக்குத் திரும்ப வேண்டும். பாரோடேலின் கடைக்கோடியிலிருந்து வாஸ்டேலுக்கு ஸ்டை ஹெட் கணவாய் வழியே நடந்தால் ஒரு காலைப்பொழுது. காரில் போனால் மலைத்தொகுதியையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். கோப்பில் இருந்த நான்கு சுற்றுகளும் ஏன் அப்படிக் கோணல்மாணலாக இருந்தன என்பது வேர்ட்ஸ்வொர்த்தைப் படித்தால்தான் விளங்கும். சாலையில் போகிறவனுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: நடுப்பகுதி உனக்கில்லை.

இரண்டாம் பகுதியில் அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றிச் சொல்கிறார். பிரபுக்கள் இல்லாத, சொந்தச் சிறுநிலமும் ஆடுகளும் கொண்ட மேய்ப்பர்களும் உழவர்களும் சேர்ந்த ஒரு குடியரசு அங்கே இருந்தது என்பது அவர் கருத்து. அது தன் கண் முன்னால் அழிகிறது என்று வருந்துகிறார். மூன்றாம் பகுதியில் புதிதாக வந்து குடியேறுபவர்களின் ரசனைக்கேடுகளைச் சாடிவிட்டு, இந்த மண் ஒருவகையில் தேசத்தின் பொதுச் சொத்து, காணக் கண்ணும் அனுபவிக்க மனமும் உள்ள எல்லோருக்கும் இதில் பங்குண்டு என்ற பொருளில் ஒன்று சொல்கிறார். பின்னாளில் 1895இல் நேஷனல் டிரஸ்ட் தோன்றவும், 1951இல் இந்தப் பகுதி தேசியப் பூங்காவாகவும் அந்தக் கருத்தைத்தான் விதை என்பார்கள்.

ஒன்பது வருடம் கழித்து அதே மனிதர் என்ன செய்தார்? 1844இல் கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு ரயில் பாதை போடத் திட்டம் வந்தது. எழுபத்து நான்கு வயது அரசவைக் கவிஞர் செய்தித்தாளுக்குக் காட்டமாகக் கடிதம் எழுதினார். அவருடைய வாதத்தைச் சுருக்கினால் இதுதான்: மலைக்காட்சியை ரசிப்பது பிறவியிலேயே வருவதில்லை, மெல்ல மெல்லப் பழகி வருவது. ஆலைத் தொழிலாளிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கும் பயனில்லை, இடமும் கெடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் தங்கள் ஊருக்குப் பக்கத்து வயல்வெளிகளில் உலாவிவிட்டு வரட்டும்.

‘காணக் கண்ணுள்ள எல்லோரும்’ என்பதில் ‘எல்லோரும்’ யார் என்று தெரிந்துவிட்டது. ரயில் 1847இல் வந்தது. மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளிகளும் வந்தார்கள்.

நான் இந்தக் கடிதங்களை முதலில் படித்தபோது ஒருபக்கம் அவரைத் திட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் தலையாட்டியிருக்கிறேன். பொதுவிடுமுறை நாளில் ஆம்பிள்சைடில் கார் நிறுத்த இடம் தேடி அரைமணி நேரம் சுற்றிய யாரும் கொஞ்சமாவது தலையாட்டுவார்கள். மனுஷன் சொன்னதில் என்ன தப்பு என்று தோன்றும். ‘நான் மட்டும் போதும்’ என்ற எண்ணம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. அதை அழகியல் கொள்கையாக எழுதிவைக்கும் திறமைதான் எல்லோருக்கும் இல்லை.

*

இரண்டாம் நாள் கிர்க்ஸ்டோன் கணவாய். 454 மீட்டர் உயரம். ஆம்பிள்சைடிலிருந்து அதற்கு ஏறும் சாலைக்கு ‘போராட்டம்’ என்றே பெயர். அந்தப் பக்கம் இறங்கினால் அல்ஸ்வாட்டர் ஏரி. கரையோரத்தில் டாஃபடில் பூக்கள். ஆங்கிலம் படித்த ஒவ்வொரு இந்தியக் குழந்தையும் பூவைப் பார்ப்பதற்கு முன்பே மனப்பாடம் செய்த பூ. அம்மா எட்டாவதோடு நிறுத்திவிட்டதால் அந்தச் சுமை இல்லாமல் பார்த்தாள். “நெருக்கமா இருக்கு. வாசம் இல்ல போல” என்றாள்.

அந்தக் கவிதையில் கவிஞர் தனியாக அலைகிறார். 1802 ஏப்ரல் 15 அன்று அவர் தனியாக இல்லை. தங்கை டோரதியும் கூடவே நடந்தாள். காற்று பலமாக அடித்த நாள். அன்றைய நாட்குறிப்பில் பூக்கள் கல்லின் மேல் தலை சாய்த்துக் கிடந்ததையும், மற்றவை காற்றில் ஆடியதையும் டோரதி எழுதிவைத்தாள். இரண்டு வருடம் கழித்துத்தான் கவிதை வந்தது. அதிலேயே ஆகச் சிறந்தவை என்று கவிஞரே கருதிய இரண்டு வரிகள் மனைவி மேரி கொடுத்தவை. ஆக, உலகத்திலேயே புகழ்பெற்ற அந்தத் தனிமைக் கவிதையில் மூன்று பேருக்குப் பங்கிருக்கிறது. நாங்களும் காரில் மூன்று பேர்.

டோரதியின் கிராஸ்மியர் நாட்குறிப்புகளை அன்றிரவு திரும்பவும் எடுத்தேன். 1800 மே முதல் 1803 தொடக்கம் வரையிலானவை. பிரசுரத்துக்கு எழுதியவை அல்ல. அவற்றில் மலையும் நிலவும் இருக்கின்றன, ஆனால் திரும்பத் திரும்ப வருவது சாலை. சாலையில் வருகிற பிச்சைக்காரர்கள், படையிலிருந்து விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பும் சிப்பாய்கள், குழந்தையை இடுப்பில் சுமந்து போகும் பெண்கள். அட்டை பிடித்து விற்கும் ஒரு கிழவரை 1800இல் அண்ணனும் தங்கையும் சந்தித்தார்கள். வில்லியம் பிற்பாடு அவரைக் கவிதையாக்கினார். அந்தக் கவிதையில் கிழவர் ஏறக்குறைய ஒரு பாறை, ஒரு மேகம், மன உறுதியின் வடிவம். டோரதியின் குறிப்பில் அவருக்கு மனைவி இல்லை, பிள்ளைகள் பெரும்பாலும் இறந்துவிட்டார்கள், அட்டை அருகிவிட்டது, இப்போது பிச்சை எடுத்துத்தான் பிழைக்கிறார். விலைகூட இருக்கிறது: முன்பு நூறு அட்டை இரண்டரை ஷில்லிங், இப்போது 30 ஷில்லிங். விலை ஏறியிருக்கிறது. பிடிக்கத்தான் அட்டை இல்லை.

ஒரு பொருளின் விலையைக் கேட்டு எழுதிவைக்கிற பயண எழுத்தாளரை நம்பலாம் என்பது என் கட்சி. வில்லியமின் நூல் மேகத்தின் மேலிருந்து எழுதியது. டோரதியின் குறிப்புகள் சாலையின் மட்டத்திலிருந்து எழுதியவை. சாலையை விட்டு இறங்க முடியாத எங்களைப் போன்றவர்களுக்கு அவள்தான் சரியான வழிகாட்டி. இத்தனை வருடம் அவளை அண்ணனின் கவிதைகளுக்கான அடிக்குறிப்பாக மட்டும் படித்திருக்கிறேன். காரில் உட்கார்ந்தபோதுதான் அது தப்பு என்று பட்டது.

*

மூன்றாம் நாள் வடக்கே, தேர்ல்மியர் வழியாக. சாலையை ஒட்டியே ஏரி. ஏரி என்கிறோம், அது நீர்த்தேக்கம். மான்செஸ்டர் நகராட்சி 1879இல் நாடாளுமன்றச் சட்டம் வாங்கி, ஒரு சின்ன ஏரிக்கு அணை கட்டி மட்டத்தை உயர்த்தியது. வித்பர்ன், ஆர்ம்போத் பக்கத்து வீடுகளும் வயல்களும் தண்ணீருக்குள் போயின. ரஸ்கின் உட்பட எத்தனையோ பேர் எதிர்த்தார்கள், நடக்கவில்லை. வேர்ட்ஸ்வொர்த்தும் டோரதியும் கோல்ரிட்ஜும் மற்ற மூவரும் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கிய பாறை ஒன்று அந்தச் சாலையோரம் இருந்தது. கிராஸ்மியருக்கும் கெஸிக்குக்கும் நடுவில் நண்பர்கள் சந்தித்துக்கொள்ளும் இடம். நீர்த்தேக்கத்துக்காகப் புதுச் சாலை போட்டபோது அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பொறுக்கியெடுத்த துண்டுகளை ஒட்டி இப்போது கிராஸ்மியர் அருங்காட்சியகத்தின் பின்னால் வைத்திருக்கிறார்கள்.

1894இல் தண்ணீர் மான்செஸ்டர் போய்ச் சேர்ந்தது. 96 மைல் தூரம், எங்கும் பம்பு கிடையாது, சரிவிலேயே ஓடுகிறது.

இதை நான் ஒரு சோகக் கதையாகத்தான் அம்மாவுக்குச் சொன்னேன். அவள் குறுக்கே புகுந்தாள். “அப்ப நம்ம வீட்டுக் குழாயில வர்றது இந்தத் தண்ணியா?”

“இதுவும் கலந்து வரும்மா.”

“பம்பே இல்லாமயா?” கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். “இதுக்கு யாருய்யா பென்னிகுக்?”

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது, தேர்ல்மியருக்கு அடுத்த வருடம். மேற்கே கடலுக்குப் போன தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அந்த அணைதான் அம்மாவின் அப்பாவுக்கு இரண்டு போகம் கொடுத்தது. எங்கள் தாத்தா வீட்டில் சாமி படங்களின் வரிசையில் பென்னிகுக் படமும் உண்டு. தைப் பொங்கல் அன்று அவருக்கும் பொங்கல். நான் தேர்ல்மியரை ரஸ்கினின் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் குழாயின் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மூழ்கிய வீடுகளைப் பற்றிச் சொன்னேன். “அது பாவம்தான்” என்றாள். அதற்காகத் தண்ணீரை விட்டுக்கொடுக்கவும் அவள் தயாராக இல்லை. மான்செஸ்டரில் தினமும் அதே தண்ணீரில் குளித்துவிட்டு ரஸ்கின் பக்கம் நிற்கும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அன்று மத்தியானம் ஹானிஸ்டர் கணவாய் இறங்கி பட்டர்மியர். ஏரித் தலைமாட்டில் ஹேஸ்டாக்ஸ் மலை. கெண்டல் நகராட்சியில் கணக்கு அதிகாரியாக இருந்த ஆல்ஃபிரட் வெய்ன்ரைட்டின் சாம்பலை அங்கேதான் தூவினார்கள். 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகள், 214 மலைகள். ஒவ்வொரு பக்கத்தையும் கையாலேயே எழுதி, கையாலேயே வரைந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. வார இறுதிகளில் பஸ்ஸில் போய் நடந்தார். அவர் வரைந்த பாதைப் படங்களைவிடத் துல்லியமான காதல் கடிதம் இந்த மலைகளுக்கு வேறில்லை. கூட்டத்தை வெறுத்த அந்த மனிதரின் புத்தகங்கள்தான் இன்று கூட்டத்தை மலையேற்றுகின்றன, 214ஐயும் பட்டியலில் அடித்துக்கொண்டே போகிறவர்கள் ஆயிரக்கணக்கில். வேர்ட்ஸ்வொர்த்துக்கு நடந்ததே இவருக்கும் நடந்தது. ஓர் இடத்தை நேசித்து நன்றாக எழுதினால் அந்த இடம் உங்களுக்கு மட்டும் சொந்தமாக இருக்காது. நல்ல எழுத்துக்குக் கிடைக்கும் தண்டனை அது, சம்பளமும் அதுதான்.

*

நான்காம் தாளைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. ரைநோஸ், ஹார்ட்நாட் என்று அடுத்தடுத்து இரண்டு கணவாய்கள். ஹார்ட்நாட்டில் மூன்றடி போனால் ஓரடி ஏறும் செங்குத்து. ஒரு கார் போகும் அகலம். ‘பழக்கமில்லாதவர்கள் தவிர்க்கவும்’ என்று தாளிலேயே இருந்தது. நடந்து அறிந்த பாதை என்ற தைரியத்தில் போனேன். இரண்டாம் கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு வண்டி. பின்னால் இறங்க வேண்டியதாயிற்று. கிளட்ச் கருகும் வாசனை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, “திரும்பிருவோம்ய்யா, போதும்” என்றாள். “அத்தைக்கு முகமே சரியில்ல, நிறுத்துங்க” என்றாள் மனைவி. மேலே ரோமானியக் கோட்டை இருக்கிறது, இரண்டாம் நூற்றாண்டு, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். கோட்டையருகே நிறுத்தியதும் அம்மா கதவைத் திறந்து வாந்தி எடுத்தாள்.

வேர்ட்ஸ்வொர்த் சொன்ன ‘பழகி வரும் ரசனை’ என்னிடம் நிறையவே இருந்தது. அதற்குக் கிடைத்த பலன் இது. பக்கத்தில் இருப்பவளின் முகத்தைப் பார்க்காமல் கோட்டைச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கோப்பின்படி எஸ்க்டேலில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். அந்தக் கணவாயில் அம்மாவைத் திரும்பக் கூட்டிவர மனசில்லை. அதனால் கடற்கரைச் சாலையில் சுற்றிப் போக முடிவு செய்து, கொஞ்சம் வழி தவறி வடக்கே கோஸ்ஃபோர்த் பக்கம் போய்விட்டோம். கடலோரத்தில் பெரிய பெரிய கட்டடங்கள், வேலிகள். செல்லாஃபீல்டு அணுசக்தி வளாகம். கால்டர் ஹால் அணுமின் நிலையம் 1956இல் இங்கேதான் திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த வருடமே, அப்போது விண்ட்ஸ்கேல் எனப்பட்ட இதே வளாகத்தின் ஓர் அணு உலையில் தீ. சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலைக் கீழே ஊற்றினார்கள். 1986இல் செர்னோபில் விபத்துக்குப் பிறகு பெய்த மழை இந்த மலைகளின் புல்லிலும் இறங்கியது. சில மலைப் பண்ணைகளில் ஆடுகளைச் சோதிக்காமல் விற்கவோ இடம் மாற்றவோ கூடாது என்ற கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது. இருபத்தாறு வருடம்.

நான்கு தாள்களில் எதிலும் செல்லாஃபீல்டு இல்லை. இருக்கவும் முடியாது. வெஸ்ட் போட்ட சட்டம் இன்னும் கழலவில்லை.

*

இந்தச் சட்டத்தை உடைக்கும் புத்தகம் ஒன்று 2015இல் வந்தது. ஜேம்ஸ் ரீபாங்க்ஸ் எழுதிய ‘ஒரு மேய்ப்பனின் வாழ்க்கை’. மேட்டர்டேலில் ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர். பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் இந்த மலைகளைக் கவிஞர்களும் நடையாளர்களும் நேசித்த இடம் என்று பேசியபோது, பல தலைமுறையாக இங்கே ஆடு மேய்க்கும் தங்கள் குடும்பங்களுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை என்பது உறைத்ததிலிருந்து அவர் தொடங்குகிறார். வேலியில்லாத மலையிலும் தன் எல்லையைத் தாயிடமிருந்து கற்று அங்கேயே மேயும் ஹெர்ட்விக் ஆடுகளைப் பற்றி அவர் எழுதும் பக்கங்கள் அபாரமானவை. 2017இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, காட்சிக்காக மட்டுமல்ல, அந்த மேய்ச்சல் பண்பாட்டுக்காகவும் சேர்த்தே ஏற்றது.

ரீபாங்க்ஸை நான் முழுசாக நம்பினேன். அம்மாவும் அப்படித்தான் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தும் இருந்தேன். விவசாயக் குடும்பம், மலையடிவாரத்தில் வளர்ந்தவள். காட்சியைப் பார்க்க மாட்டாள், வேலையைத்தான் பார்ப்பாள். இந்தக் கல்வேலியை யார் கட்டியது, ஆடு ஒன்று என்ன விலை என்று கேட்பாள். நான் கட்டுரையில் எழுதிக்கொள்ளலாம். உண்மையாகவே மனசில் இப்படி ஒரு திட்டம் இருந்தது. அவள் ஆட்டு விலையைக் கேட்கவில்லை.

கடைசி நாள் இரவு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் ஊரிலிருக்கும் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஹார்ட்நாட் வாந்தி பற்றி ஒரு வார்த்தை இல்லை. பட்டர்மியரைப் பற்றி, பெயர் தெரியாமல், சொன்னாள்:

“ஒரு ஏரிக்கரையில காரை நிப்பாட்டுனாய்ங்கடி. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். நம்மூர்ல மலையத் திரும்பிப் பாத்திருப்போமா? வெறகுக்குப் போவோம், கட்டுத் தூக்கிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டே எறங்குவோம். எந்நேரம் பாரஸ்ட்டுக்காரன் வருவான்னு பயம் வேற. இங்கிட்டு வந்துதாண்டி ஒரு மலைய சும்மா பாத்தேன். ஒண்ணும் கேக்கல அது என்னைய.”

கையில் தட்டோடு நின்றேன். எனக்குச் சொல்லாமல் சித்தியிடம் சொன்னதால்தான் அது முழுசாக வந்தது என்று நினைக்கிறேன்.

வேர்ட்ஸ்வொர்த் 1844இல் சொன்னது எங்கே தவறு என்று எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. மலையை ரசிப்பது பிறவியில் வருவதில்லை என்றார். இருக்கலாம். ஆனால் அதற்குத் தேவையானது பயிற்சி என்று நினைத்தார். தேவையானது ஓய்வு. அரைநாள் வேலையில்லாமல், பயமில்லாமல், ஒரு மலைக்கு முன்னால் உட்காரக் கிடைப்பது. அது அவருக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைத்தது. கிடைத்தவர்களுக்கு அது கிடைத்த ஒன்று என்பதே மறந்துபோய்த் தங்கள் குணம் என்று தோன்றிவிடுகிறது. ரயிலில் வந்திறங்கிய மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளி ரசிக்கத் தெரியாதவனாக வரவில்லை. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக வந்தான்.

ரீபாங்க்ஸ் சொல்வதிலும் இதே இடத்தில் எனக்கு ஒரு சின்ன விலகல். மலையில் வேலை செய்கிறவர்களின் கதையைச் சொல் என்று அவர் கேட்பது நியாயம். அந்தக் கதை இல்லாமல் காட்சி பொய். ஆனால் வேலை செய்கிறவர்களுக்கு வேலைதான் கதை என்று நாம் முடிவு செய்துவிடுவதும் ஒரு சட்டம் போடுவதுதான். ஐம்பது வருடம் மலையை முதுகால் அறிந்த ஒருத்தி, ஒரு நாளாவது அதைக் கண்ணால் மட்டும் பார்க்க விரும்பலாம். அவளைப் பார்த்து ‘நீ ஏன் வெறும் சுற்றுலாப் பயணியாகப் பார்க்கிறாய்’ என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை? இருபத்தைந்து வயதில் நான் மலையேறப் பை மாட்டியபோது, அதற்கான தெம்பும் நேரமும் அவள் தூக்கிய கட்டிலிருந்து வந்தவை.

காருக்காகப் பரிந்து பேசவில்லை. அந்தக் குறுகிய சாலைகளில் கார்கள் செய்கிற கேட்டை நான் அறிவேன். ஊர்க்காரர்களின் தொழுவங்கள் எங்களைப் போன்றவர்களுக்கு வாரவாடகை வீடுகளாகிவிட்டதும், உள்ளூர் இளைஞர்களுக்கு வீடு வாங்க முடியாமல் போனதும் தெரியும். நான் படுத்திருந்த அறையில் முன்பு வைக்கோல் இருந்தது. பஸ் போக்குவரத்தைக் கூட்டலாம், சில பள்ளத்தாக்குகளில் கார்களைக் குறைக்கலாம். அதெல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் ‘இவர்களுக்குப் பார்க்கத் தெரியாது, அதனால் வர வேண்டாம்’ என்ற இடத்திலிருந்து அந்தப் பேச்சைத் தொடங்கக் கூடாது. வேர்ட்ஸ்வொர்த் அங்கிருந்து தொடங்கினார். சாலையோரத்துக் கார்களைப் பார்த்துச் சிரித்த நாட்களில் நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

ஏரி மாவட்டத்துக்குப் போகிறவர்கள் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போவது என்று கேட்டால் இப்போது என் பதில் இது. கால் நன்றாக இருந்தால் வெய்ன்ரைட். நிலத்தின் அமைப்பு புரிய வேர்ட்ஸ்வொர்த்தின் முதல் சில பக்கங்கள். கதவுக்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்று தெரிய ரீபாங்க்ஸ். காரில் உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள் என்றால் டோரதி. ஹார்ட்நாட் வேண்டாம்.

கிளம்பும் காலையில் கோப்பை மூடி மேசை மேல் வைத்தேன். விருந்தினர் கருத்து எழுத ஒரு பக்கம் இருந்தது. அம்மா பேனாவை வாங்கித் தமிழில் தன் பெயரை எழுதி, கீழே ஊர்ப் பெயரையும் தெளிவாக எழுதினாள். வேறு ஒன்றும் எழுதவில்லை.